நாலு விரல் உயரம்

1.

சென்ற மாதம் ஒரு புதன்கிழமை, ஆங்கில வகுப்பில் எங்களை உயரப்படி வரிசையாக நிற்கச் சொன்னார்கள். கட்டையானவர் முதலில், நெட்டையானவர் கடைசியில். நான் கடைசியிலோ அதற்கு முந்தியோ நிற்கவேண்டிய ஆள். போய் முதல் ஆளாக நின்றேன். சும்மா நிற்கவில்லை, முழங்காலை மடக்கிக்கொண்டு நின்றேன்.

நான் பிறந்து வளர்ந்த பழுகாமத்தில் என் வயதுக்காரர் யாராவது இதைப் படித்தால் அவருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. மடித்துவைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம். மற்றவர்களுக்காகத்தான் மிச்சத்தை எழுதுகிறேன்.

வகுப்பு நடப்பது எங்கள் ஊர் நூலகத்தின் மேல்மாடியில். எங்கள் ஊர் என்று எழுதிவிட்டேன், பாருங்கள். இங்கிலாந்தின் நடுவில் இருக்கும் இந்த ஊருக்கு வந்து எட்டு வருடமாகிறது, வாய் தவறி இப்படி வந்துவிடுகிறது. படிப்பிப்பவர் கரோல். பாடசாலையில் படிப்பித்து ஓய்வுபெற்றவர், நல்ல மனுசி. பிழையாகச் சொன்னாலும் 'அருமை' என்பார், சரியாகச் சொன்னாலும் 'அருமை' என்பார், அதனால் எது சரி என்று வீட்டுக்கு வந்து மகளிடம்தான் கேட்கவேண்டும்.

அன்றைய பாடம், ஒன்றை ஒன்றோடு ஒப்பிட்டுச் சொல்வது. டோல் என்றால் உயரம், டோலர் என்றால் அதைவிட உயரம். ஷோர்ட், ஷோர்ட்டர். சின்னச் சொல்லாக இருந்தால் வாலில் 'அர்' ஒட்டவேண்டும், நீளச் சொல்லாக இருந்தால் முன்னால் 'மோர்' வைக்கவேண்டும். இரண்டையும் ஒன்றாக வைக்கக் கூடாது. நாங்கள் ஒன்றாகத்தான் வைப்போம். என் கணவர் இந்த நாட்டுக்கு எனக்கு முன்னரே வந்தவர், இன்றைக்கும் 'மோர் பெட்டர்' என்றுதான் சொல்வார். மூலைக் கடையில் போய் 'மோர் சீப்பர்' இருக்கிறதா என்று கேட்பார். கடைக்காரர் குஜராத்தி, அவரும் அதையேதான் சொல்வார். இருவருக்கும் இடையில் ஒரு குறையும் வந்ததில்லை.

கரோல் வரிசையைப் பார்த்தார். என்னையும் ருமேனியாக்காரி மரியாவையும் வெளியே கூப்பிட்டு, முதுகோடு முதுகு வைத்து நிறுத்தினார். மரியா கட்டை, என் காதுக்குத்தான் வருவாள். கரோல் தன் உள்ளங்கையை விரித்து எங்கள் இரண்டு தலைக்கும் மேலாகப் பலகைபோல் வைத்தார். கை மரியாவின் தலையில் முட்டியது, என் தலையில் முட்டவில்லை. அவர் குனிந்து என் நீளப் பாவாடையைப் பார்த்தார். முழங்கால் இரண்டும் முன்னால் துருத்திக்கொண்டிருந்ததைக் கண்டார்.

"யோகா, பகிடி விடுகிறீர்கள்" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். வகுப்பு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே முழங்காலை நிமிர்த்தப் பார்த்தேன், அது கேட்கவில்லை. அந்தக் கையை அவர் எடுக்கும்வரை அது கேட்கவில்லை.

2.

நான் ஏன் இந்த வயதில் இந்தப் பாடத்தைப் படிக்கிறேன் என்று சொல்லவேண்டும்.

எங்கள் வீட்டில் மூன்று பேர். கணவருக்கும் மகள் அபிஷாவுக்கும் இந்த நாட்டுக் கடவுச்சீட்டு இருக்கிறது. எனக்கு விசா மட்டும். அது வருகிற மார்கழியோடு முடிகிறது. அதற்குள் நான் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கவேண்டும், விண்ணப்பிக்க ஆங்கிலம் பேசும் பரீட்சையில் சித்தியடைந்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் இன்னொரு நீடிப்புக் கேட்கலாமா என்று வக்கீலம்மாவிடம் கேட்டேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். சட்டப் புத்தகத்தில் அதற்கு என்ன பெயர் என்று தெரியாது, எனக்கு விளங்கிவிட்டது. நான் கட்டுநாயக்கா விமானநிலையத்துக்கு, மகள் இங்கே.

சித்திரையில் முதல்தரம் பரீட்சைக்குப் போனேன். பெரிய எழுத்துப் பரீட்சை ஒன்றுமில்லை. ஓர் அறை, ஒரு மேசை, எதிரில் ஒருவர். பத்து நிமிடம் பேசவேண்டும். முதலில் நாங்கள் ஆயத்தம் செய்துகொண்டு வந்த விசயத்தைப் பற்றி, பிறகு அவர் கேட்பதைப் பற்றி. நான் சமையலைப் பற்றி ஆயத்தம் செய்திருந்தேன், அது நன்றாகத்தான் போனது. பிறகு அவர் ஒப்பிட வைக்கும் கேள்விகளுக்கு வந்தார்.

"உங்கள் கிராமமா இந்த நகரமா பெரிது?"

"இரண்டும் பரவாயில்லை."

"எது சூடு?"

"அங்கேயும் சூடு. இங்கேயும் சில நேரம் சூடு."

"இங்கே வாழ்க்கை அங்கே இருந்ததைவிட லேசாக இருக்கிறதா?"

"ஏதோ போகிறது."

"உங்கள் மகள் வகுப்பில் மற்றப் பிள்ளைகளைவிடக் கெட்டிக்காரியா?"

"சும்மா, சாதாரணப் பிள்ளை."

அந்த மனுசன் பாவம், ஒரு 'அர்' ஆவது என் வாயிலிருந்து விழாதா என்று தூண்டிலைப் போட்டுக்கொண்டே இருந்தார். விழவில்லை. தோல்வி. 'ஒப்பிட்டுப் பேசும் திறன் காணப்படவில்லை' என்று காரணம் சொல்லியிருந்தார்கள்.

கணவருக்குக் கோபம். "பழுகாமம் பெரிசா இந்த ஊர் பெரிசா எண்டு தெரியாதா உனக்கு? ஆட்டுக்குட்டிக்கும் தெரியுமே!"

"தெரியும்."

"மறுகா என்னத்துக்குச் சொல்லல்ல?"

அவர் கரடியனாற்றுக்காரர். பதினெட்டு வயதிலேயே கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டவர், நாங்கள் சண்டைக்குள் இருந்த வருடங்களில் ஊரில் இருக்கவில்லை. அதனால் அவரிடம் எனக்குக் கோபமில்லை. மூத்தவள், நல்லது, கூட, உயரம், இந்தச் சொற்களை எங்கள் வீட்டில் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். இந்த வருடம் வயல் வட்டையில் விளைச்சல் எப்படி என்று யாராவது கேட்டால், போன வருடத்தைவிட நல்லம் என்று சொல்லிப் பாருங்கள், கேட்டவரே பயந்துவிடுவார். 'ஏதோ கிடக்கு' என்றுதான் சொல்லவேண்டும். பிள்ளை வளர்ந்திருக்கிறாளே என்றால் 'என்ன வளத்தி, சாப்பிடுறாளே இல்ல' என்று சொல்லவேண்டும். இது முதலில் வெறும் கண்ணூறுப் பயம். எல்லா ஊரிலும் உள்ளதுதான். எங்கள் ஊரில் பிறகு அது உயிர்ப் பயமாகிவிட்டது.

3.

எங்களுக்கு ஆங்கிலம் படிப்பித்த சேர் ஒருவர் இருந்தார். ஒல்லியான மனிதர், வாவிக்கு அந்தப் பக்கமிருந்து தோணியில் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வருவார். ஆறாம் வகுப்பில் இதே பாடத்தை அவர்தான் முதலில் எடுத்தார். இரண்டு பிள்ளைகளைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தி, யார் டோலர் என்று கேட்பார். நாங்கள் கத்துவோம். அதில் எங்களுக்குச் சரியான புளுகம், அவ்வளவு சந்தோசம். என்னைத்தான் அதிகம் கூப்பிடுவார், ஏனென்றால் நான் அந்த வகுப்பிலேயே நெட்டை. 'டோலஸ்ட்' என்பது என் பட்டப்பெயராகவே இருந்தது.

ஏழாம் வகுப்பில் அவர் பிள்ளைகளைக் கூப்பிடுவதை விட்டுவிட்டார். கரும்பலகையில் இரண்டு தென்னைமரம் கீறுவார். இந்த மரம் அந்த மரத்தைவிட உயரம். அவ்வளவுதான். ஏன் சேர் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது. வாவிக்கு எங்கள் பக்கம், படுவான்கரையில், வீடுவீடாக இயக்கத்து ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். சண்டைக்கு வீட்டுக்கு ஓராள் தரவேண்டும். வயதைக் கேட்பார்கள், ஆனால் பெற்றவர்கள் சொல்லும் வயதை நம்ப மாட்டார்கள். பிறப்புச் சான்றிதழைக் காட்டினால் அதையும் நம்ப மாட்டார்கள். உயரத்தைத்தான் நம்பினார்கள்.

அந்த வருடம் எங்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் போட்டிக்கு உயரம் பாய ஒரு பிள்ளையும் பெயர் கொடுக்கவில்லை. பெண் பிள்ளைகளுக்கு நீளப் பாவாடை தைத்தார்கள். ஊருக்குள் ஒரு பழக்கம் பரவியது, யார் தொடங்கியது என்று தெரியாது. பாவாடைக்குள் முழங்காலை மடக்கி நிற்கும் பழக்கம். கேட்கச் சின்ன விசயம். செய்து பாருங்கள், தொடை எரியும். அப்படியே நின்றுகொண்டு சாதாரணமாகப் பேசவேண்டும், சிரிக்கவேண்டும், தலையைச் சொறியவேண்டும். எங்கள் அம்மா என்னை மாலையில் முற்றத்தில் நிற்க வைத்துப் பழக்குவார். தான் தேங்காய் துருவி முடிக்கும்வரை நான் அப்படியே நிற்கவேண்டும்.

"இன்னும் ஒள்ளுப்பம் கீழே. இன்னும். கழுத்த நீட்டாத புள்ள."

"கால் நோகுதம்மா."

"நோகட்டும்."

அக்காவுக்கு இந்தப் பயிற்சி கிடையாது, அவளுக்கு அவசியமில்லை. அவள் பெயர் ஜெயந்தி. என்னைவிட இரண்டு வயது மூத்தவள், என்னைவிட நாலு விரல் கட்டை. அப்பாவின் பக்கத்துக் கட்டை. நான் மடங்கி நிற்கும்போது அவள் குசினி வாசலில் சப்பாணி கட்டி இருந்துகொண்டு, நான் எப்போது விழுவேன் என்று பார்த்துச் சிரிப்பாள். விழுந்தால் வந்து தூக்கிவிடுவாள், பிறகும் சிரிப்பாள். அவளுக்கு எல்லாவற்றுக்கும் சிரிப்பு வரும். அது எனக்கு எரிச்சலாக இருக்கும்.

4.

கண்ணகி அம்மன் கோயில் சடங்கு முடிந்த கிழமை. சடங்குக்காக முற்றத்தில் வாவியோரத்து வெள்ளை மணல் பரப்பியிருந்தோம், இன்னும் மிதிபட்டுப் போகவில்லை. பின்னேரம். அப்பா அதற்கு இரண்டு வருடம் முன்னரே வட்டையில் பாம்பு தீண்டிப் போய்விட்டார். வீட்டில் அம்மாவும் நாங்கள் இருவரும்தான்.

ஓர் ஆணும் ஒரு பெண்ணும் வந்தார்கள். சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு, வரலாமா என்று கேட்டு உள்ளே வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். அந்தப் பெண் தண்ணீர் கேட்டாள், அக்கா கொண்டுவந்து கொடுத்தாள்.

"ரெண்டு பேரையும் கூப்பிடுங்கம்மா."

"ரெண்டும் சின்னனுகள் தம்பி. மூத்ததே இன்னும் பெரிய புள்ளயாகல்ல."

"கூப்பிடுங்க, பாப்பம்."

நாங்கள் போய் நின்றோம். நான் மடங்கி நின்றேன், அவன் கண்டுபிடிக்காமல் எவ்வளவு முடியுமோ அவ்வளவுக்கு. அந்த ஆள் என்னையும் பார்த்தான், அவளையும் பார்த்தான். அவனுக்கும் பெரிய வயதில்லை. கன்னத்தில் பருக்கள் இருந்தன.

"ரெண்டில ஆரு பெரிசு?"

அம்மா வாயைத் திறக்கவில்லை. எந்தத் தாய் திறப்பாள்? பெரியது எது என்று அவர் சொன்னால் அதைக் கொண்டுபோய்விடுவார்கள். எதைச் சொன்னாலும் சொன்னதுதான் போகும். அவர் இரண்டு கையாலும் தேங்காய்த் துருவலையின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் பெரிசு" என்றாள் அக்கா.

அவன் எங்களை முதுகோடு முதுகு வைத்து நிறுத்தினான். கையைத் தட்டையாக விரித்து எங்கள் தலைக்கு மேலாக வைத்தான். என் முதுகில் அக்காவின் முதுகு பட்டுக்கொண்டிருந்தது. அது மெல்ல மெல்ல மேலே ஏறியதை நான் உணர்ந்தேன். நான் மடங்கியும் என் தோளுக்குக் கீழேயே இருந்த அவளுடைய தோள் என் கழுத்துக்கு வந்தது. கை அவளுடைய தலையில் முட்டியது.

"ஓம், இவதான் பெரிசு" என்றான் அவன்.

ஒரு சட்டை எடுத்துக்கொள்ள நேரம் கொடுத்தார்கள். அம்மா காலில் விழுந்தார், அந்தப் பெண் அவரைத் தூக்கி நிறுத்தினாள், தூக்கியவளுக்கும் கண் கலங்கியிருந்ததாக அம்மா பிறகு சொல்வார். நான் எதையும் பார்க்கவில்லை. அவர்கள் வேலிப் படலையைத் தாண்டிப் போகும்வரை நான் நிமிரவே இல்லை, மடங்கியபடியே நின்றேன். போகும்போது அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நிமிராத, புள்ள" என்றாள். அதுதான் அவள் எனக்குச் சொன்ன கடைசிப் பேச்சு.

பிறகுதான் மணலைப் பார்த்தோம். என் அடி முழுதாகப் பதிந்திருந்தது, குதிகாலும் விரலும். அதற்குப் பின்னால் அக்காவின் அடி. விரல்கள் மட்டும்தான் இருந்தன. பத்து விரலும் ஆழமாக, குதியே இல்லாமல்.

அம்மா நெல் அவிக்கும் பெரிய அண்டாவைக் கொண்டுவந்து அதன்மேல் கவிழ்த்து வைத்தார். மாரி மழைக்கு முற்றத்தில் வெள்ளம் ஓடும்வரை அந்த அண்டா அங்கேயே கிடந்தது.

5.

அக்கா திரும்பி வரவில்லை. செத்துவிட்டாள் என்றும் யாரும் வந்து சொல்லவில்லை. சிலர் வாகரைப் பக்கம் கண்டதாகச் சொன்னார்கள், சிலர் வன்னிக்குக் கொண்டுபோனதாகச் சொன்னார்கள். சண்டை முடிந்து இவ்வளவு வருடமாகியும் அம்மா காணாமல் போனவர்களுக்கான கூட்டங்களுக்குப் போகிறார், அக்காவின் படத்தைப் பிடித்துக்கொண்டு தெருவோரம் இருக்கிறார். அரசாங்கக் கச்சேரியில் இறப்புச் சான்றிதழுக்கு எழுதிக்கொடுக்கச் சொன்னார்கள், எழுதவில்லை. காணாமல் போனதற்கு ஒரு சான்றிதழ் இருக்கிறதாம், அதற்கும் எழுதவில்லை. 'எழுதினா அவங்க தேடுறத விட்டுடுவாங்க' என்கிறார். தேடுகிறார்கள் என்று அவருக்கு யார் சொன்னதோ தெரியாது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. தாய் வீடு மூத்த மகளுக்கு. அவள் கலியாணம் செய்து அதில் இருப்பாள், தாய் தகப்பன் பின்னால் ஒரு கொட்டில் போட்டு ஒதுங்குவார்கள். எனக்குக் கலியாணம் பேசியபோது மாப்பிள்ளை வீட்டார் அந்த வீட்டைக் கேட்டார்கள், அதில் பிழையில்லை, இருக்கிற மகள் நான் ஒருத்திதானே. அம்மா கொடுக்கவில்லை.

"வீடு மூத்தவளுக்கு. அவள் வந்தா எங்க இரிப்பாள்?" என்றார்.

அப்படியே வளவின் பின்பக்கம் எனக்கென்று ஓர் அறையும் விறாந்தையும் கட்டித்தந்தார். தானும் அந்த வீட்டில் படுப்பதில்லை. பெரிய வீடு பூட்டிக் கிடக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் திறந்து கூட்டி விளக்கு வைத்துவிட்டு மீண்டும் பூட்டுகிறார். எனக்கு அதில் ஒரு காலத்தில் மனத்தாங்கல் இருந்தது. இப்போது இல்லை. அவள்தான் பெரியவள் என்று அவளே சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள், அதன் பிறகு அந்த வீட்டைக் கேட்க எனக்கு என்ன வாய் இருக்கிறது?

6.

இங்கே என் மகள் அபிஷாவுக்குப் பதின்மூன்று வயது. அவளைப் பற்றி எழுதப் பயமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். அவள் என்னைவிட உயரம்.

எழுதிவிட்டேன். பாருங்கள், தமிழில் எழுதவே கை கூசுகிறது.

ஐந்து வயதில் இங்கே வந்தவள். தமிழ் விளங்கும், பதில் ஆங்கிலத்தில் வரும். மூன்று வருடத்துக்கு முன் என் தோளில் இருந்தாள், பார்த்துக்கொண்டிருக்க மேலே போய்விட்டாள். பாடசாலையில் கூடைப்பந்து போன்ற ஏதோ ஒரு விளையாட்டில் சேர்த்திருக்கிறார்கள், உயரம் என்பதற்காகவே சேர்த்தார்களாம். அதை அவள் பெருமையாக வந்து சொன்னபோது நான், "என்ன வளத்தி, சாப்பிடுறாளே இல்ல" என்றேன். அவளுக்கு முகம் செத்துவிட்டது. தன்னைப் பற்றி நான் ஒருநாளும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை என்று தகப்பனிடம் முறையிட்டிருக்கிறாள். மற்றப் பிள்ளைகளின் அம்மாமார் தங்கள் பிள்ளைகளைக் கொண்டாடுகிறார்களாம். இப்போது என்னோடு அதிகம் பேசுவதில்லை. விளையாட்டுப் போட்டி எப்போது நடக்கிறது என்பதும் எனக்குச் சொல்லாமல் நடந்து முடிந்துவிடுகிறது.

குசினிக் கதவு நிலையில் அவளும் தகப்பனும் சேர்ந்து பென்சிலால் உயரத்தைக் குறித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள், எனக்குத் தெரியாமல். ஆனியில் ஒருநாள் கதவைத் துடைக்கும்போது கண்டேன். ஒன்றுக்குமேல் ஒன்றாகக் கோடுகள், பக்கத்தில் மாதம்.  பாத்திரம் தேய்க்கும் நாரைக் கொண்டுவந்து எல்லாவற்றையும் அழித்தேன், கதவின் தீந்தைப் பூச்சும் சேர்ந்து உரிந்து வந்தது.

அவள் பாடசாலையால் வந்து பார்த்துவிட்டுக் கத்தினாள். "வை வுட் யூ டூ தட்?"

"ஊத்தையா இரிந்திச்சு."

"இட் வொஸ் மீ!" என்றாள். அது ஊத்தையில்லை, அது நான் என்கிறாள்.  அவளுக்கு நான் அக்காவைப் பற்றிச் சொன்னதில்லை. சொன்னால் இந்த நாட்டில் பிறரிடம் சொல்வாள், அவர்கள் ஆலோசனை சொல்ல ஒரு டொக்டரிடம் அனுப்புவார்கள் என்று ஒரு சாட்டு வைத்திருக்கிறேன். உண்மையில், சொன்னால் அவளும் கண்ணாடி முன்னால் ஒருநாள் முழங்காலை மடக்கிப் பார்ப்பாள். அதை நான் காணக் கூடாது.

கணவர் மட்டும் அன்று பின்னேரம் வேலைக்குப் போகுமுன் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "யோகா, இந்தமுறை பரீட்சையில தோத்தா இந்தப் புள்ளைய விட்டுட்டு நீ போகணும். அவள் உன்ன விட்டு ஏற்கனவே பாதி போயிட்டாள். மிச்சத்தையும் தாரவாக்கப் போறியா?"

7.

இரண்டாம் தரம் பரீட்சை ஆவணியில். கரோலிடம் போய், ஒப்பிட்டுப் பேச ஒரு நல்ல விசயம் சொல்லுங்கள் என்று கேட்டேன். குடும்பத்தில் ஒருவரைப் பற்றிப் பேசுங்கள், சகோதரம் இருந்தால் மிகவும் லேசு என்றார். மூத்தவர், இளையவர், உயரம், கட்டை எல்லாம் தானாக வந்துவிடும் என்றார். அவர் எதையும் மனதில் வைத்துக்கொண்டு சொல்லவில்லை.

நான் ஆயத்தம் செய்ததை ஒருத்தருக்கும் காட்டவில்லை. குசினியில் வெங்காயம் வெட்டும்போது எனக்குள் சொல்லிப் பார்த்தேன், வெங்காயம் வசதி.

இந்தமுறை எதிரில் இருந்தது ஓர் இளம் பெண். என் கடவுச்சீட்டைப் பார்த்து, என்னைப் பார்த்து, ஒலிப்பதிவைத் தொடக்கினாள்.

"எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள்?"

"என் அக்காவைப் பற்றி."

அக்கா என்னைவிட மூத்தவள் என்றேன். அவள் சோறு என்னைவிட நன்றாகச் சமைப்பாள், என்னைவிட அதிகம் சிரிப்பாள் என்றேன். நான் அவளைவிடப் பயந்தவள் என்றேன். 'அர்' வேண்டிய இடத்தில் 'அர்' வந்தது, 'மோர்' வேண்டிய இடத்தில் 'மோர்' வந்தது. எல்லாம் உண்மை, அதனால் தடங்கவில்லை. அந்தப் பெண் தலையை ஆட்டிக்கொண்டு குறித்தாள். பிறகு சும்மா, பேச்சு வளர்ப்பதற்காக, கேட்டாள்.

"இரண்டு பேரில் யார் உயரம்?"

மேசைக்குக் கீழே என் குதிகால் இரண்டும் தரையை விட்டு எழும்பின. இது மடங்குவது இல்லை, எழும்புவது. விரல்களை மட்டும் ஊன்றிக்கொண்டு இருந்தேன்.

"என் அக்கா என்னைவிட உயரம்" என்றேன், பிழையில்லாத ஆங்கிலத்தில்.

"இப்போது எங்கே இருக்கிறார்?"

"வீட்டில்."

"நல்லது" என்று சிரித்து ஒலிப்பதிவை நிறுத்தினாள்.

சித்தி என்று அங்கேயே சொன்னாள். அந்த அறையை விட்டு வெளியே வந்து, வாசல் படியில் இருந்து அழுதேன். பக்கத்தில் இருந்த ஓர் ஆப்கான்காரர் நான் தோற்றுவிட்டேன் என்று நினைத்து, அடுத்தமுறை நன்றாக வரும் என்று ஆறுதல் சொன்னார். அவரும் 'மோர் பெட்டர்' என்றுதான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு எடுத்தேன். அவருக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம், போனைச் சத்தமாக வைத்துத்தான் பேசவேண்டும்.

"பாஸாயிட்டன் அம்மா."

"என்ன கேட்டாங்க?"

"அக்காவப் பத்திக் கேட்டாங்க. ஆரு உசரம் எண்டு கேட்டாங்க."

 பின்னால் அம்மாவின் கோழி ஒன்று கொக்கரித்துக்கொண்டிருந்தது.

"நீ என்ன சொன்ன?"

"அக்காதான் உசரம் எண்டன்."

"ஓம்" என்றார் அம்மா. மூச்சை விட்டார். "அவள்தான் பெரிசு. ஆரு கேட்டாலும் அப்பிடியே சொல்லு, புள்ள. மாத்திச் சொல்லிப் போடாத."

"இல்லம்மா."

"உன்ட மகள் இப்ப என்ன வளத்தி?"

அபிஷா அப்போது குளிர்ப்பெட்டியைத் திறந்து பால் எடுத்துக்கொண்டிருந்தாள். அன்றுதான் பல நாளைக்குப் பிறகு என்னைக் கட்டிப்பிடித்து, நல்ல வேலை செய்தீர்கள் என்று சொல்லியிருந்தாள். அவளுடைய மூக்கு என் நெற்றியில் முட்டியிருந்தது.

"சின்னப் புள்ளதான் அம்மா" என்றேன். "வளத்தியே இல்ல. இன்னும் சின்னன்."

அவளுக்குத் தமிழ் விளங்கும் என்று எழுதினேனே. குளிர்ப்பெட்டிக் கதவைச் சாத்திவிட்டு என் முன்னால் வந்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றாள்.

"ஐ ஆம் டோலர் தேன் யூ, அம்மா!" என்று வீடே கேட்கக் கத்தினாள்.

நான் போனின் வாயைக் கையால் பொத்தினேன்.